படகு மறைத்த ஜன்னல்

கடல் தெரியக்கூடாது என்று கேட்டு வாங்கிக்கொண்டு உல்லாசக் கப்பல் ஏறியவள் திரேசம்மாள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சென்னையில் இருக்கிற மகள் ஜெசிந்தா, அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது என்று, இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டுத் திரும்பும் கப்பலில் அவர்களை அனுப்பிவைக்க முடிவுசெய்து, தூத்துக்குடியிலிருந்து இருவரையும் வரவழைத்து, எழும்பூரில் ஒரு பயண அலுவலகத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தாள். அங்கிருந்த பெண் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, குறுக்கே வெட்டிய கேக் மாதிரி கப்பலை அடுக்கடுக்காகக் காட்டினாள். பால்கனி வைத்த அறை, ஜன்னல் வைத்த அறை, ஜன்னலே இல்லாத உள்ளறை.

"பால்கனியே போடுங்க. நாற்காலியப் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே போவலாம்லா," என்றார் அவள் கணவர் கஸ்பார்.

"எனக்குக் கடலு தெரியக்கூடாது," என்றாள் திரேசம்மாள்.

"அப்ப உள்ரூம் போட்டுரலாம் ஆன்ட்டி."

ஆனால் உள்ளறையின் படத்தைப் பார்த்ததுமே திரேசம்மாளுக்கு நெஞ்சை அடைத்தது. அடைத்த இடத்தில் அவளால் மூச்சுவிட முடியாது. வீட்டில் குளியலறைக் கதவைக்கூட ஒருக்களித்து வைத்துத்தான் குளிப்பாள். வெளிச்சம் வரவேண்டும், காற்று இருக்கிற மாதிரி தோன்றவேண்டும், கடல் மட்டும் கூடாது. அந்தப் பெண் உதட்டைக் கடித்து யோசித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்ற முகத்தோடு, நடு அடுக்கில் சாம்பல் நிறத்தில் கிடந்த ஒரு கட்டத்தைத் தொட்டாள்.

"இந்த ரூமை யாரும் எடுக்க மாட்டாங்க ஆன்ட்டி. ஜன்னல் பெரிசுதான். ஆனா அதுக்கு நேர் முன்னாடி உயிர்காக்குற படகு தொங்கும். முழுசா மறைச்சிரும்."

"கடலு கொஞ்சமாவது தெரியுமா?"

"ஒரு பொட்டுகூடத் தெரியாது."

"அப்ப அதையே போடுங்க," என்றாள் திரேசம்மாள். ஜெசிந்தா கைப்பையின் வாரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

அவர்களுக்கு ரெமிஜியூஸ் என்று ஒரு மகன். வீட்டில் ரெமி. சரக்குக் கப்பலில் மேல்தளத்து வேலைக்குப் போனவன், இலங்கையின் தென்கோடியில் இருக்கிற தேவேந்திரமுனைக்குத் தெற்கே கப்பல் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. தேடினார்கள், கப்பலைத் திருப்பி வந்த வழியே போய்ப் பார்த்தார்கள், பிறகு தூத்துக்குடிக்கு ஃபோன் செய்தார்கள். அவ்வளவுதான். கஸ்பார் மாதக்கணக்கில் அழுதார், கோவிலில் ஆன்ம இளைப்பாற்றிப் பூசை வைத்தார், படத்துக்கு மாலை போட்டார். திரேசம்மாள் பூசைக்குப் போகவில்லை. படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, திரும்ப அதே ஆணியில் மாட்டினாள். ஜெசிந்தாவின் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் வரவை எதிர்நோக்கும்' என்ற இடத்தில் தமையன் ரெமிஜியூஸ் என்று அடிக்கவைத்தாள், அச்சகக்காரர் இரண்டு தரம் கேட்டும். காணாமல் போனவன் காணாமல் போனவன்தான், அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்பது அவள் கணக்கு. அன்றிலிருந்து அவள் கடலைப் பார்ப்பதை விட்டாள். கடற்கரைச் சாலையில் பஸ் போனால் மறுபக்கம் திரும்பி உட்காருவாள். நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அதுதான். ஏறிட்டுப் பார்த்தால் சொல்லிவிடும் என்று பயந்தாள்.

கஸ்பார் இந்தப் பயணத்துக்குச் சம்மதித்தது மகன் போன தண்ணீரில் நாலு பூப் போடத்தான். அது திரேசம்மாளுக்கும் தெரியும். அவள் சம்மதித்தது வேறொன்றுக்காக. அந்தப் பக்கத்துத் துறைமுகம் எதிலாவது, மூட்டைகளுக்கு நடுவிலோ டீக்கடை வாசலிலோ, வயசு கூடிப்போன ஒரு முகம் திரும்பிப் பார்க்காதா என்று.

கப்பல் கிளம்பிய மறுநாள் காலை, அறையைச் சுத்தம் செய்கிற சுயம்பு, திசையன்விளைப் பக்கத்துக்காரன், துவைத்த விரிப்புகளோடு வந்து, வணக்கம் சொல்லி, திரைச்சீலையை இழுத்துத் திறந்தான். ஜன்னலை அடைத்துக்கொண்டு ஆரஞ்சுக் கூரையும் வெள்ளை வயிறுமாகப் படகு தொங்கியது. அவன் கொஞ்சநேரம் அதையே பார்த்தான். விரிப்புகளைக் கட்டில்மேல் வைத்தான். பிறகு கண்ணாடிக்குப் பக்கத்தில் போய், ஊரில் வேலியோரம் நின்று கூப்பிடுகிற மாதிரி, "ஏளா செல்வி, காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டான். செல்வி அவன் தங்கை. மூளைக்காய்ச்சலில் இறந்துபோனவள். படகில் மூன்றாவது வரிசையில், ஆரஞ்சு மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தாள்.

சவரம் செய்துகொண்டிருந்த கஸ்பார் பாதி நுரையோடு எட்டிப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி திரேசா. இங்க வா."

"என்னத்தப் பாக்க?"

"ரெமி இருக்காம்ட்டி."

அவள் வந்து பார்த்தாள். ஆரஞ்சுக் கூரை. வெள்ளை வயிறு. பக்கவாட்டில் எழுதிய எண். திறப்புக்குள்ளே வரிசையாகக் காலி இருக்கைகள், சுருட்டிவைத்த கயிறு.

"அங்க ஒருத்தரும் இல்லியே."

"கடைசி வரிசைக்கு முந்தின வரிசை. ஓரத்துல. ஒனக்குத் தெரியலையா?"

"நீங்க மொகத்தக் கழுவுங்க முதல்ல," என்றாள் திரேசம்மாள். ஆனால் சுயம்பு கண்ணாடியில் கைவைத்து அழுதுகொண்டிருந்தான், அந்தப் படகில் இருப்பவர்கள் யார் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

சுயம்பு போய்ச் சமையலறையில் சொன்னான், சமையலறை உணவுக்கூடத்தில் சொன்னது, காலை இட்லி முடிவதற்குள் கப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர்கள் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்தார்கள். பக்கத்து அறைக்காரி பாவாத்தாள், சென்னிமலைக்காரி, மகளோடும் மருமகனோடும் வந்திருந்தவள், உள்ளே நுழைந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அட கருமமே, இவரு இங்கயும் வந்துட்டாருங்களா," என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். இறந்துபோன அவள் வீட்டுக்காரர் முதல் வரிசையில், இருக்கிறவரைக்கும் எப்படி உட்காருவாரோ அப்படியே, இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திட்டிவிட்டு வெளியே போனவள் அரைமணி நேரத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அந்தப் படகு எத்தனை பேரைக் கொள்ளுமோ அத்தனை பேரைவிட அதிகம் பேர் அதில் இருந்தார்கள், ஆனாலும் நெருக்கடி இல்லை. எல்லாரும் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்தார்கள், எல்லாரும் முன்பக்கம் பார்த்திருந்தார்கள், பேருந்து கிளம்பக் காத்திருப்பவர்களின் பொறுமை எல்லார் முகத்திலும் இருந்தது. கூப்பிட்டால் திரும்புவதில்லை, கண்ணாடியைத் தட்டினால் அசைவதில்லை. அதற்காக யாரும் வருவதை நிறுத்தவில்லை. மாடிப்படி வரை வரிசை நின்றது. பிறந்தபின் தாத்தாவைப் பார்க்காத குழந்தைகளுக்குத் தலைவாரிப் பவுடர் போட்டுக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்கள். கைப்பேசியில் கல்யாண வீடியோ போட்டுக் காட்டினார்கள், காதுகேளாதவர்களுக்குச் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னார்கள், உணவுக்கூடத்திலிருந்து கேசரியும் வடையும் தட்டில் கொண்டுவந்து திரேசம்மாளின் மேசைமேல் படைத்தார்கள். அறை முழுக்க ஊதுபத்தி மணத்தது, தீயணைப்பு அதிகாரி வந்து ஊதுபத்தியைத் தடைசெய்துவிட்டு, தானும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் போனார். மாலை நேர மந்திரவித்தைக் காட்சிக்கு ஆள் வராததால் நிறுத்திவைத்தார்கள். ஒலிபெருக்கியில், படகைக் காண விரும்புவோர் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் இடையே வரலாம், ஒரு குடும்பம் நீண்ட நேரம் நிற்க வேண்டாம் என்று மூன்று மொழிகளில் அறிவித்தார்கள். இரண்டு நாளில் குறைகளும் கிளம்பிவிட்டன. என் அம்மா முகம் நிழலில் இருக்கிறது, படகைக் கொஞ்சம் திருப்பிக் கட்டக்கூடாதா என்று ஒருவர் கேட்டார். என் மாமியாரை ஏன் என் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தீர்கள் என்று ஒருத்தி சுயம்புவிடம் சண்டைக்குப் போனாள். ஒரு முற்பகல் கப்பல் தலைவரே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். போகும்போது, "என் மனைவி," என்று கஸ்பாரிடம் மட்டும் சொன்னார்.

அந்தக் கப்பலில் எல்லாருக்கும் தெரிந்தது, திரேசம்மாளுக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணாடி போட்டும் பார்த்தாள், கழற்றியும் பார்த்தாள். கப்பல் மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணில் குறை இல்லை என்றார். வருகிறவர்கள் முதலில் இரக்கப்பட்டார்கள். பிறகு, பெற்றவளுக்கே தெரியவில்லையென்றால் ஏதோ இருக்கிறது என்று தாழ்வாரத்தில் பேசினார்கள். அப்புறம் அதையும் மறந்து, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளிடம், "அம்மா, கொஞ்சம் நகந்துக்கிறீங்களா, மறைக்குது," என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவளும் நகர்ந்துகொண்டாள்.

கஸ்பாருக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை, கோபம் வந்தது. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் இல்லாத ஒரு நிறைவு இப்போது வந்திருந்தது. காலையில் எழுந்ததும் மகனுக்கு எதிரே உட்கார்ந்து தினசரி சங்கதிகளைச் சொன்னார். தான் உப்பு லாரி ஓட்டுவதை விட்டது, ஜெசிந்தாவுக்குப் பிள்ளை பிறந்தது, தெருவில் புதுச் சாக்கடை போட்டது.

"ஓங் கண்ணுக்குத் தெரியாம இல்லட்டி. நீதான் பாக்க மாட்டேங்குத," என்றார் ஒருநாள்.

"இருந்தா தெரியும். அவன் அதுல இல்ல."

"நான் பொய்யா சொல்லுதேன்?"

"நீங்க அவன என்னைக்கோ கொன்னுட்டிய. பூச வச்சு, மால போட்டு. ஒங்களுக்கு அவன் அங்கதான் தெரிவான்."

கஸ்பார் எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தான் சொன்னதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அந்தப் படகில் மகன் இல்லை என்றால் அவன் எங்கோ இருக்கிறான். எல்லாரும் தங்கள் தங்கள் இறந்தவர்களைப் பார்க்கிறார்கள். எனக்குத் தெரியவில்லை என்றால் எனக்கு இறந்தவன் இல்லை. இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. திருகோணமலையில் கப்பல் நின்றபோது அவள்தான் முதலில் இறங்கிப் போய்த் துறைமுக வாசலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும்போது, பல வருஷங்களுக்குப் பிறகு, தலையில் பூ வாங்கி வைத்திருந்தாள்.

அந்தப் பூவோடுதான் மறுநாள் பாவாத்தாளுக்குக் காபி கலந்து கொடுத்தாள். பாவாத்தாள் எல்லாரும் வருவதற்கு முன்பே வந்து, வீட்டுக்காரரைத் திட்டுகிற சாக்கில் நெடுநேரம் உட்கார்ந்திருப்பாள்.

"ஏனுங்கக்கா, உங்க பையன் ரொம்பச் சாதுங்களா?"

"எவன்? அங்க இருக்கவனா? அவன் எம்மவன் இல்லம்மா."

"இருந்துட்டுப் போகட்டுங்க. பாத்தா பாவமா இருக்குது, அதாங் கேட்டேன். மத்தவிய எல்லாம் கல்லாட்டம் உக்காந்திருக்கறாங்க. அந்தப் பையன் மட்டும் கைய வெச்சுட்டுச் சும்மா இருக்கறதில்லீங்க. அந்தச் சட்டையில நாடா தொங்குதுங்கல்ல, அத எடுத்துச் சுண்டுவிரல்ல சுத்தறான். இறுக்கி இறுக்கிச் சுத்தறான், விரல் நுனி கருத்துப்போகுது. அப்பறம் அவுத்து உடறான். மறுக்காச் சுத்தறான். தூக்கம் வர்ற கொழந்தையாட்டம்."

திரேசம்மாள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

ரெமி பால்குடி மறந்த பிறகும் அவள் சேலை முந்தானை இல்லாமல் தூங்கமாட்டான். அதன் நுனியைத் திரித்துச் சுண்டுவிரலில் சுற்றி, நுனி கருக்கும்வரை இறுக்கி, அவிழ்த்து, மறுபடி சுற்றுவான். பள்ளிக்கூடம் போகிற வயசில் பகலில் வெட்கப்பட்டு விட்டுவிட்டான். காய்ச்சல் வந்தால் மட்டும் செய்வான். கஸ்பார் அந்தக் காலத்தில் லாரியோடு போய்விடுவார், அவருக்கு இது தெரியாது. ஜெசிந்தா அப்போது பிறக்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொல்லக்கூடிய விஷயமாக அது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"எந்த விரல்?" என்று கேட்டாள்.

"சுண்டுவிரலுங்க."

"எந்தக் கை?"

பாவாத்தாள் கண்ணாடிப் பக்கம் குனிந்து பார்த்தாள். "இடதுங்க."

திரேசம்மாள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுத்தினாள். வரிசையில் நின்றவர்கள் உள்ளே வந்து அவள் பின்னால் கூடி, நகரச் சொல்ல வாயெடுத்தவர்கள் பாவாத்தாளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஆரஞ்சுக் கூரை. வெள்ளை வயிறு. காலி இருக்கைகள், கயிறு. அவள் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். ரெமி என்று கூப்பிட்டுப் பார்த்தாள். நீ செத்துட்டன்னே வச்சுக்கிடுதேன், ஒரு தடவ தெரி என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கஸ்பார் வந்து அவள் தோளைப் பிடித்து, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, கடைசிக்கு முந்தின வரிசைக்கு நேராகத் திருப்பி வைத்தார். "அந்தா, அந்தா பாரு, சுத்துதாம் பாரு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் விரல் சுட்டிய இடத்தில் ஒரு இருக்கையும், இருக்கையின் மேல் வெயிலும் இருந்தன.

அவள் நகர்ந்துகொண்டாள். தலையில் இருந்த பூவை எடுத்துத் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த அறையில் இருந்தாளா இல்லையா என்றே வருகிறவர்களுக்குத் தெரியவில்லை. அன்று நடுப்பகலில் கப்பல் தேவேந்திரமுனையைக் கடந்தது. கஸ்பார் கொண்டுவந்திருந்த பூ குளிர்ப்பெட்டியிலேயே கிடந்தது. மகன் கண்ணெதிரே இருக்கும்போது தண்ணீரில் யாருக்குப் போடுவது?

காலி என்கிற இலங்கை ஊரின் துறைமுகத்தில் கப்பல் நின்றது. பயணத்துக்கு ஒருமுறை உயிர்காக்கும் படகுகளைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. பயணிகள் கூட்டமாகப் போய்க் கப்பல் தலைவரிடம் கெஞ்சினார்கள். இந்த ஒரு படகை மட்டும் விட்டுவிடச் சொன்னார்கள். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, நாளைக்குக் கப்பலுக்கு ஒன்று ஆனால் உயிரோடிருக்கிற உங்களை எதில் ஏற்றுவேன் என்று கேட்டார். இறக்கும் விசையை அவரே வந்து அழுத்தினார்.

எல்லாரும் கீழே தளத்துக்கு ஓடினார்கள், கஸ்பாரும் ஓடினார். அறையில் திரேசம்மாள் மட்டும் இருந்தாள். கம்பிகள் முனகின, படகு ஒரு குலுக்கலோடு கீழே இறங்கியது, ஆரஞ்சுக் கூரை ஜன்னலின் அடிவிளிம்புக்குக் கீழே அமிழ்ந்து மறைந்தது, பிறகு ஜன்னல் முழுவதும் கடலாக இருந்தது. அவள் திரும்பிக்கொள்ளவில்லை. திரைச்சீலையை இழுக்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, யாரோ சொல்வதைக் கேட்கிறவள்போல, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடல் ஒன்றும் சொல்லவில்லை. வெயிலில் மினுமினுத்துக்கொண்டு, யாரையும் தெரியாத மாதிரி கிடந்தது.

படகு துறைமுகத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சொட்டச் சொட்ட மேலே ஏறியபோது அதில் நாலு மாலுமிகளைத் தவிர யாரும் இல்லை. இறங்கும்போது பார்த்தோம், தண்ணீரைத் தொட்டதும் எல்லாரும் எழுந்து நின்றார்கள் என்றார்கள் சிலர். இல்லை, சும்மா மங்கிப்போனார்கள் என்றார்கள் சிலர். அதற்குப் பிறகு சென்னை திரும்பும்வரை அந்தக் கப்பல் ஒரே இழவு வீடாக இருந்தது. பாட்டுக் கச்சேரி இல்லை, நீச்சல் குளத்தில் ஆள் இல்லை. பாவாத்தாள் சாப்பிடாமல் தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்து, "மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரே," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கஸ்பார் சுவரைப் பார்த்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. திரேசம்மாள்தான் பாவாத்தாளுக்குக் கஞ்சி வாங்கிவந்து ஊட்டினாள், சுயம்புவுக்குப் பதில் தானே விரிப்பு மாற்றினாள், கஸ்பாரை எழுப்பிக் குளிக்கவைத்தாள். ஜன்னலில் படகு முன்னைப்போலவே தொங்கியது. அவளுக்கு அது எப்போதும் எப்படித் தெரிந்ததோ அப்படியே தெரிந்தது.

சென்னைத் துறைமுகத்தில் கார்கள் நிற்கிற இடத்தில் ஜெசிந்தா காத்திருந்தாள். பெற்றவர்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கை அசைத்து ஓடிவந்தாள்.

"எப்பிடிம்மா இருந்துச்சு? நல்லா சுத்திப் பாத்தியளா?"

திரேசம்மாள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். தந்தி வந்த வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அப்படி, நிதானமாகச் சொன்னாள்.

"ஏ பிள்ள, அண்ணன் செத்துட்டாண்டி."

ஜெசிந்தாவின் கை அப்படியே நின்றது. அண்ணனுக்காக அவள் எப்போதோ ஒளிந்து ஒளிந்து அழுது முடித்திருந்தாள்; அம்மாவுக்கு முன்னால் ஒரு நாளும் அழுததில்லை. இப்போது அம்மா மார்பில் ஓங்கி ஓர் அடி அடித்து, "எஞ் செல்லமே" என்று வாய்விட்டு அலறி, சூடான தார்த் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தபோது, அவளும் பக்கத்தில் விழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த ஒப்பாரி அது. பிறந்தது, நடந்தது, முந்தானை பிடித்தது, கப்பலுக்குப் போனது என்று ஒன்றுவிடாமல் எடுத்து எடுத்துப் பாடிய அந்தக் குரலில் கார்க் கண்ணாடிகள் அதிர்ந்தன. பெட்டிகளை உருட்டிக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்த பயணிகள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஆண்கள் பெட்டிகளை நிறுத்தி வைத்துவிட்டுத் தலைகுனிந்து கைகட்டினார்கள். பாவாத்தாள் மருமகனின் கையை உதறிவிட்டு வந்து, கொண்டையை அவிழ்த்துப்போட்டு, திரேசம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து அவள் தோளோடு தோள் சேர்த்துக்கொண்டாள். பெண்கள் வட்டமாகக் கூடினார்கள்.

கஸ்பார் மட்டும் அழவில்லை. அவரிடம் மிச்சம் இருக்கவில்லை. இரண்டு பைகளையும் இரண்டு கையில் பிடித்தபடி வட்டத்துக்கு வெளியே நின்றார். வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இன்ஜினை அணைத்து இறங்கி வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாருங்கய்யா?"

"மகன்."

"அடக் கடவுளே. எப்பங்கய்யா?"

கஸ்பார் தரையில் புரண்டுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார்.

"இப்பத்தான்," என்றார்.